கண்ணீராலும் தண்ணீராலும் மறுபடி பிறந்தவர்: புனித அகுஸ்தீனார்

மறுபிறப்பு என்ற சொல் நம் நாட்டில் எல்லோருக்கும் பழக்கமானது. இறந்தவர் வேறோர் உடலெடுத்து மீண்டும் பூமிக்கு வருவதையே பொதுவாக அச்சொல்லால் குறிப்பர். கிறிஸ்தவ மறை போதிக்கும் மறுபிறப்பு வேறு. அது சாவுக்குப் பின் நிகழ்வதன்று. உயிரோடு இருக்கும்போதே, இதே உடலில், இதே வீட்டில் நிகழ்வது. இரவு வேளையில் யேசுநாதரைத் தேடிவந்த நிக்கொதேமு என்ற கற்றறிந்த பெரியவருக்கு ஆண்டவர் விளக்கியது இதைத்தான். நீரினாலும் தூய ஆவியினாலும் வரும் அந்தப் பிறப்பு இன்றி இறையரசினுள் செல்ல வழியில்லை என்று அவர் போதித்தார்.

நம்மில் பெரும்பாலோர் கைக்குழந்தையாக இருக்கும்போதே ஞானஸ்நானம் பெற்றவர்கள். அந்த நாள் நமக்கு நினைவில்லை. ஆகவே, மறுபடியும் பிறந்துவிட்டீர்களா, எந்த நாளில், எந்த மணியில் என்று வீட்டு வாசலில் வந்து யாராவது கேட்டால் நம்மவர்கள் விடை தெரியாமல் திகைக்கிறார்கள். பெற்ற ஞானஸ்நானம் போதாதோ என்று சிலருக்கு உள்ளூர ஓர் அச்சமும் உண்டாகிறது. இக்கேள்விக்கு விளக்கம் வேண்டுமானால், 1600 ஆண்டுகளுக்கு முன் வட ஆபிரிக்காவில் வாழ்ந்த ஒருவரின் வாழ்வைப் பார்த்தால் போதும். அவரே திருச்சபையின் பெரும் மறைவல்லுநரான புனித அகுஸ்தீனார்.

பிறப்பும் பிள்ளைப் பருவமும்

அகுஸ்தீனார் 354ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் திகதி தகாஸ்தே என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று அல்ஜீரியா நாட்டில் சூக் அக்ராஸ் என்ற பெயருடன் விளங்குகிறது. அக்காலத்தில் அது உரோமைப் பேரரசின் ஆட்சிக்குட்பட்ட பூமி. தந்தை பத்ரீசியுஸ் சிறிதளவு நிலமும், ஊராட்சி மன்றத்தில் ஓர் இடமும் உடையவர், கிறிஸ்தவர் அல்லர், முன்கோபி, இல்லற நேர்மையிலும் தவறியவர். தாய் மோனிக்காவோ கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்த பக்தியுள்ள பெண். கணவனோடு வாயாடாமலும், அவருடைய குறைகளை அயலாரிடம் சொல்லித் திரியாமலும் பொறுமையாலேயே அவரை வென்றார். பத்ரீசியுஸ் தம் இறுதிக் காலத்தில் ஞானஸ்நானம் பெற்றே இறந்தார்.

பிறந்த குழந்தைக்கு மோனிக்கா சிலுவை அடையாளம் இடுவித்து, நாவில் உப்பு வைக்கும் சடங்கையும் செய்வித்தார். இவ்வாறு அகுஸ்தீனார் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தம் செய்வோர் வரிசையில் சேர்க்கப்பட்டார். ஆனால் ஞானஸ்நானம் கொடுக்கப்படவில்லை. சிறுவனாக இருந்தபோது கடுமையான வயிற்று நோய் கண்டு உயிருக்கே ஆபத்தான நிலை வந்தது. சிறுவன் தானே ஞானஸ்நானம் கேட்டான். தாயும் பதறியெழுந்து ஆயத்தங்கள் செய்தார். அதற்குள் நோய் தணிந்துவிட்டது. உடனே ஞானஸ்நானமும் பிற்போடப்பட்டது.

ஏன் பிற்போட்டார்கள்? ஞானஸ்நானத்தின் பின் செய்யும் பாவம் மிகக் கனமானது, ஆகவே வாலிப வயதின் புயல்கள் ஓய்ந்தபின் அதைப் பெறுவதே நல்லது என்ற எண்ணம் அக்காலத்துக் கிறிஸ்தவரிடையே பரவியிருந்தது. மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு நோய் முற்றட்டும் என்று காத்திருப்பதற்கு ஒப்பான எண்ணம் அது. தம்மை அன்றே குணப்படுத்தியிருக்கலாமே என்று பிற்காலத்தில் அகுஸ்தீனார் வருந்தி எழுதினார்.

பேரிக்காய்த் திருட்டு

மகன் கெட்டிக்காரன் என்பதைக் கண்ட தந்தை, தம் வசதிக்கு மிஞ்சிச் செலவு செய்து மதௌரா என்ற அயல்நகரில் படிக்க வைத்தார். பணம் தட்டுப்பட்டபடியால் 16ஆம் வயதில் ஓராண்டு வீட்டில் சும்மா இருக்க நேர்ந்தது. சும்மா இருந்த கைகளுக்குப் பிசாசு வேலை கொடுத்தது. ஓர் இரவு, கூட்டாளிகளோடு அயலவரின் தோட்டத்தில் புகுந்து பேரிக்காய் மரத்தை உலுப்பிக் காய்களையெல்லாம் அள்ளிச் சென்றார். பசிக்காகத் திருடவில்லை. வீட்டில் அதைவிட நல்ல பழங்கள் இருந்தன. திருடியவற்றில் பெரும்பகுதியைப் பன்றிகளுக்கு எறிந்தார்கள்.

சிறுபிள்ளை விளையாட்டு என்று நாம் சிரித்துவிடுவோம். அகுஸ்தீனார் சிரிக்கவில்லை. ஆயரான பின்பும் அந்த இரவைத் திரும்பத் திரும்பக் கிளறிப் பார்த்தார். தேவையில்லாத ஒன்றை, தீமை என்று தெரிந்தும், தீமை என்பதற்காகவே விரும்பியது எப்படி என்பதே அவர் கேள்வி. மனிதனுடைய விருப்பமே வளைந்து போயிருக்கிறது, அந்த வளைவை மனிதன் தானே நிமிர்த்த முடியாது என்ற உண்மையை அவர் அந்தப் பேரிக்காய் மரத்தடியில் கண்டார்.

பாவம் செய்தது யார்?

17ஆம் வயதில், 371ஆம் ஆண்டளவில், ஊர்ச் செல்வந்தர் ஒருவரின் உதவியோடு கார்த்தேஜ் மாநகருக்கு உயர்கல்விக்குச் சென்றார். நாடகங்களும் கேளிக்கைகளும் மலிந்த துறைமுக நகரம் அது. அங்கு ஒரு பெண்ணோடு திருமணமின்றி வாழத் தொடங்கினார். அடுத்த ஆண்டளவில் ஆண் குழந்தை பிறந்தது. கடவுள் கொடுத்தவன் என்று பொருள்படும் அதேயோதாத்துஸ் என்ற பெயரை அதற்கு இட்டார்கள்.

19ஆம் வயதில் சிசேரோ என்ற உரோமை அறிஞர் எழுதிய ஹொர்த்தேன்சியுஸ் என்ற நூல் அவர் கைக்குக் கிடைத்தது. பணத்தையும் புகழையும் விட ஞானமே தேடத்தக்கது என்ற ஆவல் அவரைப் பற்றிக்கொண்டது. ஞானத்தைத் தேடி வேதாகமத்தைத் திறந்தார். சிசேரோவின் சொல்நயத்துக்குப் பழகிய காதுக்கு அதன் எளிய நடை அழகற்றதாகப் பட்டது. தாழ்ந்த வாசலில் தலைகுனிந்து நுழைய மனமின்றி மூடி வைத்துவிட்டார்.

அப்போதுதான் மனிக்கேயர் என்ற கூட்டத்தார் அவரை வளைத்துப் பிடித்தனர். நன்மைக்கு ஒரு மூலம், தீமைக்கு ஒரு மூலம் என உலகில் இரு சக்திகள் என்றென்றும் போரிடுகின்றன என்பது அவர்கள் கொள்கை. மனிதனுக்குள்ளும் இரண்டு இயல்புகள் உண்டு. பாவம் செய்வது இருளின் இயல்பே, மனிதன் அல்லன் என்று அவர்கள் போதித்தார்கள். வாலிபனுக்கு இதைவிட வசதியான போதனை வேறு எது? குற்றம் உண்டு, குற்றவாளி தான் இல்லை. ஒன்பது ஆண்டுகள் அவர் இக்கூட்டத்தில் இருந்தார். நண்பர்கள் பலரையும் அதில் சேர்த்துவிட்டார்.

ஆசிரியராகத் தகாஸ்தேக்குத் திரும்பிய மகனைத் தாய் வீட்டில் ஏற்க மறுத்தார். பிறகு கனவொன்றில் ஆறுதல் பெற்று ஏற்றுக்கொண்டார். மகனோடு வாதாடி அவனைத் திருத்தும்படி ஓர் ஆயரிடம் போய்க் கெஞ்சினார். வாதத்தால் அவன் இப்போது திருந்தமாட்டான், செபியுங்கள் என்றார் ஆயர். மீண்டும் மீண்டும் அழுது நின்றபோது, அந்தக் கண்ணீர் ஒருபோதும் வீண்போகாது என்று தேற்றி அனுப்பினார்.

நண்பன் பெற்ற ஞானஸ்நானம்

இக்காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி கவனிக்கத்தக்கது. சிறுவயது முதல் கூடித்திரிந்த உயிர் நண்பன் ஒருவன் காய்ச்சலில் விழுந்து நினைவிழந்தான். பிழைக்கமாட்டான் என்று எண்ணிய குடும்பத்தார் அந்நிலையிலேயே ஞானஸ்நானம் கொடுப்பித்தனர். அகுஸ்தீனார் அதைப் பொருட்படுத்தவில்லை. நினைவில்லாதவன் உடலில் ஊற்றிய தண்ணீர் என்ன செய்துவிடும் என்று எண்ணினார். நண்பன் கண்விழித்ததும் அதைக் கேலியாகச் சொன்னார். அவனும் சேர்ந்து சிரிப்பான் என்று எதிர்பார்த்தார். அவனோ பகைவனைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்து, நட்பு நிலைக்க வேண்டுமானால் இப்படிப் பேசவேண்டாம் என்று உறுதியாகத் தடுத்தான். சில நாட்களில் காய்ச்சல் திரும்பிவந்து அவன் இறந்தான்.

ஊரின் ஒவ்வொரு தெருவும் நண்பனை நினைவூட்டியது. துயரம் தாங்காமல் 376ஆம் ஆண்டளவில் கார்த்தேஜுக்கே திரும்பினார். ஆனால் நினைவற்றிருந்த ஒருவனுக்குள் அந்தத் தண்ணீர் என்னவோ செய்துவிட்டது என்பதை அவர் கண்ணால் கண்டிருந்தார். தான் அறியாமலே பெற்ற அருளை, அறிந்தபோது நண்பன் தன்னுடையதாக்கிக்கொண்டான். குழந்தையில் ஞானஸ்நானம் பெற்ற நம் ஒவ்வொருவருக்கும் இது பொருந்தும்.

தாயை ஏமாற்றிய இரவு

மனிக்கேயரின் பேர்பெற்ற ஆசான் பவுஸ்துஸ் வந்தால் எல்லாச் சந்தேகமும் தீரும் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. பவுஸ்துஸ் வந்தார், இனிமையாகப் பேசினார், கேட்ட கேள்விகளுக்கு விடை மட்டும் அவரிடம் இல்லை. நம்பிக்கை தளர்ந்த அகுஸ்தீனார் 383ஆம் ஆண்டில் உரோமைக்குச் செல்லத் தீர்மானித்தார். மோனிக்கா துறைமுகம் வரை தொடர்ந்து வந்து, போகாதே அல்லது என்னையும் கூட்டிச் செல் என்று பிடித்துக்கொண்டார். நண்பன் ஒருவனை வழியனுப்பவே வந்ததாகப் பொய் சொல்லி, அருகிலிருந்த புனித சிப்பிரியான் ஆலயத்தில் தாயைத் தங்கவைத்துவிட்டு, இரவோடு இரவாகக் கப்பலேறினார் மகன். விடிந்தபோது தாய் வெறும் கடலைப் பார்த்து அழுதார்.

மகன் போகக்கூடாது என்பதே அந்த இரவில் தாய் கேட்ட வரம். கடவுள் அதைக் கொடுக்கவில்லை. ஏனெனில் அவருடைய வாழ்நாள் செபம் எங்கே நிறைவேற இருந்ததோ, அந்த இடத்துக்கே அந்தக் கப்பல் சென்றுகொண்டிருந்தது. பிள்ளைகளைக் கடல்கடந்த நாடுகளுக்கு அனுப்பிவிட்டு, அங்கே கோயிலுக்குப் போகிறார்களோ இல்லையோ என்று ஏங்கும் தாய்மார் நம்மிடையே பலர். அவர்கள் மோனிக்காவின் இந்த இரவை நினைத்துக்கொள்வார்களாக.

மிலான் நகரில்

384ஆம் ஆண்டில் மிலான் நகரில் சொற்கலைப் பேராசிரியர் பதவி கிடைத்தது. பேரரசரின் அரண்மனை அப்போது அங்கேதான் இருந்தது. அந்நகரின் ஆயர் அம்புரோசியார். அவர் ஆளுநராக இருந்தவர். 374ஆம் ஆண்டில், ஞானஸ்நானமே பெறாதிருந்த நிலையில் மக்களால் ஆயராகத் தெரிந்தெடுக்கப்பட்டவர். அவர் சொல்வன்மையை எடைபோடவே அகுஸ்தீனார் கோயிலுக்குச் சென்றார். சொல்லோடு பொருளும் உள்ளே இறங்கியது. அழகற்றதென்று தள்ளிவைத்த வேதாகமத்தின் ஆழம் அவருக்குப் புலப்படத் தொடங்கியது.

385இல் மோனிக்காவும் கடல் கடந்து வந்துசேர்ந்தார். மகனுக்கு ஒழுங்கான திருமணம் பேசப்பட்டது. அதற்காக, ஏறத்தாழ 15 ஆண்டுகள் உடனிருந்த அந்தப் பெண் ஆபிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள். இனி வேறொரு ஆடவனை அறியேன் என்று நேர்ந்துகொண்டு, பெற்ற மகனையும் விட்டுவிட்டு அவள் தனியே சென்றாள். அவள் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. பேசிய மணமகளுக்கோ வயது வர இரண்டு ஆண்டுகள் இருந்தன. அதுவரை பொறுக்கமாட்டாத அகுஸ்தீனார் வேறொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார். புனிதர்களின் சரித்திரத்தில் இவற்றை மறைத்து எழுதுவோர் உண்டு, அவரோ மறைக்கவில்லை. அந்தப் பிரிவில் தம் நெஞ்சம் கிழிந்து இரத்தம் சொட்டியதாக எழுதினார். ஆனால் அதிகம் இழந்தவள் அவள்தான் என்பதை நாம் மறக்கலாகாது.

இப்போது அவர் அறிவு தெளிந்துவிட்டது. கிறிஸ்தவ மறையே உண்மை என்பதில் ஐயமில்லை. ஆயினும் காலெடுத்து வைக்க முடியவில்லை. தூக்கத்திலிருந்து எழவேண்டியவன் இன்னும் கொஞ்சநேரம் என்று புரண்டு படுப்பதுபோலக் காலம் கடத்தினார். கட்டிப்போட்டது எவருமல்ல, அவருடைய பழக்கமே. உண்மையை அறிவதொன்று, அதன்படி நடக்க வலுப்பெறுவது வேறொன்று என்பதை இந்த மாதங்களில் அவர் அனுபவித்துக் கற்றார்.

தோட்டத்திலே

386ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். பொந்திசியானுஸ் என்ற அரண்மனை அலுவலர் வீட்டுக்கு வந்தார். மேசையில் இருந்த நூல் புனித பவுலின் திருமுகங்கள் என்று கண்டு மகிழ்ந்து, எகிப்திய வனவாசியான புனித அந்தோனியாரின் வாழ்க்கையையும், அந்தச் சரித்திரத்தை வாசித்த இரு அலுவலர்கள் அன்றே உலகைத் துறந்ததையும் விவரித்தார். எளியவர்கள் துணிந்துவிட்டதை நினைக்க அகுஸ்தீனாருக்கு வெட்கம் நெஞ்சைப் பிடுங்கியது.

விருந்தினர் சென்றபின் நண்பர் அலிப்பியுசோடு வீட்டுத் தோட்டத்துக்குப் போனார். பின்னர் தனியே விலகி ஓர் அத்திமரத்தின் கீழ் விழுந்து விம்மி அழுதார். அயல்வீட்டிலிருந்து ஒரு குழந்தையின் குரல், எடுத்து வாசிக்கும்படி பாட்டாகத் திரும்பத் திரும்பச் சொல்வது காதில் விழுந்தது. அதைக் கடவுளின் கட்டளையாகக் கொண்டு, ஓடிவந்து பவுலின் நூலைத் திறந்தார். உரோமையருக்கு எழுதிய திருமுகம் 13ஆம் அதிகாரம். களியாட்டத்தையும் காமத்தையும் விட்டு ஆண்டவர் யேசு கிறிஸ்துவை ஆடையாக அணிந்துகொள்ள அழைக்கும் பகுதி அது. அதற்குமேல் வாசிக்க வேண்டியிருக்கவில்லை. பல ஆண்டுகளாக முயன்றும் அவிழாத முடிச்சு அவிழ்ந்தது. உள்ளே ஓடிப்போய்த் தாயிடம் சொன்னார். மகன் கார்த்தேஜ் சென்ற காலம் முதல் ஏறத்தாழ 15 ஆண்டுகள் அழுத தாய் ஆனந்தத்தால் துள்ளினார்.

பாஸ்கா இரவு

அவர் மறுபடி பிறந்த நாள் எது என்று கேட்டால் பலர் இந்தத் தோட்ட நாளையே காட்டுவர். அகுஸ்தீனாரின் எண்ணம் அதுவன்று. தோட்டத்தில் மனம் திரும்பினார்; பிறந்தது திருச்சபை என்னும் தாயின் கருவறையாகிய ஞானஸ்நானத் தொட்டியிலே. பதவியைத் துறந்து கசிசியாக்கும் என்ற நாட்டுப்புற வீட்டில் தாயோடும் நண்பரோடும் செபத்திலும் சிந்தனையிலும் சில மாதங்களைக் கழித்தார். 387ஆம் ஆண்டுத் தவக்காலத்துக்கு மிலான் திரும்பி, ஞானஸ்நானம் பெறுவோர் பட்டியலில் பெயரைப் பதிந்தார். நாட்டறிந்த பேராசிரியர் சாதாரண மக்களோடு அமர்ந்து மறைக்கல்வி கற்றார்.

ஏப்ரல் 24ஆம் திகதி விடிந்தால் 25, உயிர்த்த ஞாயிறு. அந்தப் பாஸ்கா இரவில் ஆயர் அம்புரோசியாரின் கையால், நண்பர் அலிப்பியுசும் 15 வயது மகன் அதேயோதாத்துசும் உடன்வர, அகுஸ்தீனார் ஞானஸ்நானம் பெற்றார். மிலான் திருச்சபையின் வழக்கப்படி, பசாசை விட்டுவிடுவதாக வாக்களித்துக் கிழக்கே திரும்பி, விசுவாசத்தை அறிக்கையிட்டு மும்முறை நீரில் மூழ்கி எழுவர். பின் எண்ணெய் பூசப்படும், ஆயர் அவர்கள் கால்களைக் கழுவுவார், வெண்ணாடை அணிவிக்கப்படும். அந்த எண்கோணத் தொட்டியின் எஞ்சிய பகுதிகளை மிலான் பேராலயத்தின் அருகே நிலத்தடியில் இன்றும் காணலாம். எட்டு என்பது கிறிஸ்து உயிர்த்த புதிய நாளின் எண். தொட்டி கல்லறையும் ஆகிறது, கருவறையும் ஆகிறது. பழைய மனிதன் அதில் அடக்கம் செய்யப்படுகிறான். புதிய மனிதன் அதிலிருந்து எழுகிறான்.

அன்று தந்தையும் மகனும் ஒரே இரவில் பிறந்த ஞானச் சகோதரர் ஆனார்கள். கடந்தகாலத்தைப் பற்றிய கலக்கம் தம்மைவிட்டு நீங்கியது என்று அவர் எழுதினார்.

ஒஸ்தியாத் துறைமுகத்தில்

ஆபிரிக்கா திரும்பும் வழியில் உரோமைக்கு அருகேயுள்ள ஒஸ்தியாத் துறைமுகத்தில் தங்கினார்கள். அங்கே ஒருநாள் தாயும் மகனும் சன்னலோரம் நின்று, நித்திய வாழ்வு எப்படியிருக்கும் என்று நெடுநேரம் உரையாடினார்கள். இனி இவ்வுலகில் தமக்கு வேலை இல்லை என்று மோனிக்கா சொன்னார். சில நாட்களில் காய்ச்சல் கண்டு ஒன்பதாம் நாள் காலமானார். வயது 56. சொந்த ஊரில் அடக்கம் செய்வதைப் பற்றிக் கவலைப்படவேண்டாம், ஆண்டவரின் பீடத்தில் தம்மை நினைத்துக்கொண்டால் போதும் என்பதே பிள்ளைகளிடம் அவர் கேட்ட ஒரே உதவி. மரித்தோருக்காக நாம் பூசை ஒப்புக்கொடுக்கும் வழக்கத்துக்கு எவ்வளவு பழைய சாட்சியம்! பேறுபெற்ற அத்தாயின் திருநாள் ஆகஸ்ட் 27. மகனின் திருநாள் அதற்கு மறுநாள்.

குருவும் ஆயரும்

388இல் தகாஸ்தே திரும்பி, சொத்தை விற்று ஏழைகளுக்குக் கொடுத்து, நண்பர்களோடு துறவு வாழ்வு தொடங்கினார். சிறிது காலத்தில் அறிவொளி வீசிய மகன் அதேயோதாத்துஸ் இளம் வயதிலேயே இறந்தான். 391இல் ஹிப்போ என்ற துறைமுக நகருக்குச் சென்றிருந்தபோது, தமக்கு ஒரு குரு தேவை என்று முதிய ஆயர் வலேரியுஸ் கோயிலில் சொல்ல, மக்கள் அகுஸ்தீனாரைப் பிடித்து முன்னே நிறுத்திவிட்டார்கள். அவர் அழுதார். 395, 396ஆம் ஆண்டளவில் ஆயரானார். சாகும்வரை அவ்வூரிலேயே பணியாற்றினார். கைதிகளை மீட்கக் கோயில் பாத்திரங்களையும் உருக்கி விற்றார்.

397ஆம் ஆண்டளவில் தம் வாழ்வைக் கடவுளிடம் அறிக்கையிடும் நூலை எழுதத் தொடங்கினார். அதன் 10ஆம் பாகம் நமக்கு மிக முக்கியமானது. அதில் அவர் இளமைப் பாவங்களைச் சொல்லவில்லை. ஞானஸ்நானம் பெற்றுப் பத்தாண்டு கழிந்து ஆயராக இருக்கும் அந்நாளிலும் தம்மைத் தாக்கும் சோதனைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். கனவுகள், உணவில் ஆசை, புகழுரையில் மகிழ்ச்சி எல்லாம் அங்கே உண்டு. மறுபடி பிறந்தவர் மறுநாளே நிறைவுபெற்ற மனிதர் ஆகிவிடுவதில்லை. பிறந்த குழந்தை வளரவேண்டும், விழுந்து எழும்பவேண்டும். ஹிப்போவில் பாஸ்கா இரவில் ஞானஸ்நானம் பெற்றவர்களை, நரைத்த தலையினராயினும், அவர் குழந்தைகள் என்றே அழைத்துப் போதித்தார்.

அக்காலத்தில் ஆபிரிக்கத் திருச்சபை தொனாத்தியர் பிரிவினையால் பிளவுண்டிருந்தது. குரு பரிசுத்தர் அல்லராயின் அவர் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்றனர் பிரிவினையார். ஞானஸ்நானம் கொடுப்பவர் கிறிஸ்துவே, குரு அவருடைய கை மட்டுமே என்று அகுஸ்தீனார் விளக்கினார். தண்ணீர் கல்வாய்க்காலால் வந்தாலும் வெள்ளிக் குழாயால் வந்தாலும் தோட்டம் செழிக்கும். இப்போராட்டத்தில் அரசின் கட்டாயத்தையும் அவர் ஒப்புக்கொண்டது வருந்தத்தக்கது. எவரையும் விசுவாசத்துக்கு வலுக்கட்டாயப்படுத்தலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் தெளிவாகப் போதித்தது.

மீட்பு யாருடைய வேலை?

410ஆம் ஆண்டு உரோமை நகரம் சூறையாடப்பட்டது. அகதிகளாக ஆபிரிக்கா வந்தோருள் பிரித்தானியத் துறவியான பெலாஜியுசும் ஒருவர். ஒழுக்கசீலரான அவர், மனிதன் மனம் வைத்தால் தன் முயற்சியாலேயே பாவமின்றி வாழலாம் என்று போதித்தார். கேட்க நல்ல போதனை. ஆனால் பேரிக்காய் மரத்தையும், மிலானில் புரண்டு கிடந்த மாதங்களையும் அறிந்த அகுஸ்தீனாரால் இதை ஏற்க முடியவில்லை. மனம் வைக்கவே அருள் வேண்டும். நாம் கடவுளைத் தேடுமுன் அவர் நம்மைத் தேடியிருக்கிறார். மீட்பு சம்பளமன்று, இலவசமான கொடை என்று வயது முதிர்ந்த நிலையிலும் அயராது எழுதினார். 418இல் கார்த்தேஜ் சங்கமும் பாப்பரசர் சோசிமுசும் பெலாஜியுசின் கொள்கையைக் கண்டித்தனர்.

இரண்டு தவறுகளை அவர் வாழ்வே மறுத்தது. பாவம் செய்தது நானல்ல என்பது மனிக்கேயரின் தவறு. என்னை நானே மீட்டுக்கொள்வேன் என்பது பெலாஜியுசின் தவறு. பாவி நானே, மீட்பவர் கிறிஸ்துவே என்பதே திருச்சபையின் விசுவாசம். நாம் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிடும்போது சொல்வதும் இதையே.

இங்கே பெற்றோரின் மனத்தை வருத்தும் ஒரு கேள்வி எழும். ஞானஸ்நானம் பெறுமுன் இறந்த குழந்தையின் கதி என்ன? அக்குழந்தைகளுக்கு மோட்சமில்லை, மிக இலேசான தண்டனையே உண்டு என்று அகுஸ்தீனார் கருதினார். பெரியவரின் கருத்தாயினும் அதைத் திருச்சபை தன் விசுவாசக் கோட்பாடாக ஏற்கவில்லை. 1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல் அக்குழந்தைகளை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது. அனைத்துலக இறையியல் ஆணைக்குழு 2007இல் வெளியிட்ட ஏடும், அவர்கள் மீட்படைவர் என்று நம்புவதற்குத் தக்க காரணங்கள் உண்டென்று விளக்கியது. பிறவாமலோ பிறந்தவுடனோ பிள்ளையை இழந்த தாய் தன்னை நொந்துகொள்ள வேண்டாம். சிறு பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்ன ஆண்டவரின் கைகளில் அப்பிள்ளை இருக்கிறது. அதற்காக உயிரோடிருக்கும் பிள்ளைக்கு ஞானஸ்நானத்தைக் காரணமின்றிப் பிற்போடவும் வேண்டாம்.

முற்றுகையில் மரணம்

430ஆம் ஆண்டு வண்டாலர் படை ஹிப்போ நகரைச் சூழ்ந்தது. முற்றுகையின் மூன்றாம் மாதத்தில் அகுஸ்தீனார் காய்ச்சலில் வீழ்ந்தார். தாவீது அரசரின் மனத்துயர்ச் சங்கீதங்களை எழுதுவித்துச் சுவரில் பதிக்கச் செய்தார். படுத்தபடி அவற்றை வாசித்து வாசித்து அழுதார். கடைசிப் பத்து நாட்கள், வைத்தியரும் உணவு கொண்டுவருவோரும் தவிர வேறெவரும் வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டு செபத்தில் கழித்தார். ஆகஸ்ட் 28ஆம் திகதி, 75ஆம் வயதில் உயிர் துறந்தார். மரணசாசனம் எழுதவில்லை. எழுதிக் கொடுக்க அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை என்று அவர் சரித்திரத்தை எழுதிய ஆயர் பொசிதியுஸ் குறித்திருக்கிறார். அவர் பூதவுடல் இன்று இத்தாலியின் பவியா நகரில் இருக்கிறது. 2025 மே 8ஆம் திகதி பாப்பரசராகத் தெரிவான 14ஆம் சிங்கராயர், இப்புனிதரின் பெயரால் விளங்கும் துறவற சபையைச் சேர்ந்தவர்.

நமக்கு ஒரு பாடம்

ஞானஸ்நானம் பெற்று 43 ஆண்டுகளுக்குப் பின், உலகமே போற்றும் ஆசானாக இருந்தும், தம் நற்செயல்களின் பட்டியலைச் சுவரில் எழுதிவைக்கவில்லை அகுஸ்தீனார். பாவியின் மன்றாட்டையே எழுதிவைத்தார். மீட்பு தம் கைவேலையல்ல என்பதை இறுதி மூச்சுவரை அவர் மறக்கவில்லை.

ஆகவே, மறுபடி பிறந்துவிட்டீர்களா என்று எவராவது கேட்டால் தலைகுனிய வேண்டாம். ஆம், இன்ன கோயிலில், இன்ன திகதியில், என் தாய் தந்தையர் மடியில் இருந்தபோதே பிறந்தேன் என்று சொல்லுங்கள். அத்தோடு, அகுஸ்தீனாரின் நண்பன் நினைவு திரும்பியதும் அந்தக் கொடையைத் தன்னுடையதாக்கிக்கொண்டதுபோல, நீங்களும் ஆக்கிக்கொண்டீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். வீட்டிலுள்ள ஞானஸ்நானப் பத்திரங்களை இவ்வாரம் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொருவருடைய ஞானஸ்நான நாளையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும் வீடுகளில் அந்த நாளில் ஒரு மெழுகுதிரியாவது எரியட்டும். நெடுங்காலம் பாவசங்கீர்த்தனத்தைப் பிற்போட்டு வருபவர்கள் இனியும் பிற்போடாதிருப்பார்களாக. வழிதவறிய பிள்ளைக்காக அழும் தாய் தந்தையர் செபத்தை நிறுத்தாதிருப்பார்களாக.

புனித மோனிக்காவே, புனித அகுஸ்தீனாரே, எங்கள் குடும்பங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.